மஹீன் பின்னாடி வந்த தண்ணி

எங்க தெருவுல ஒரு எழுத்தாளர் இருந்தாங்க. அவங்க நடந்தா பின்னாடியே தண்ணி வரும். அது எப்படி வரும், எதுக்கு வரும்னு துருவித் துருவிக் கேக்குறவங்க இப்பவே எந்திரிச்சுப் போயிடுங்க, ஏன்னா எனக்கும் தெரியாது, எங்க தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது. உள்ளங்கை அகலத்துல, குதிகாலுக்குப் பின்னாடி தொடங்கி பத்தடி நீளத்துக்கு, அவங்க படி ஏறினா படி ஏறி, பஸ்ஸுல உக்காந்தா சீட்டுக்கடியில சுருண்டு, ஒரே இடத்துல ரொம்ப நேரம் இருந்தா குளம் கட்டி, எந்த வெயிலுக்கும் காயாம முப்பத்தேழு வருஷம் வந்துச்சு. ஆனா நான் சொல்ல வந்தது தண்ணியப் பத்தி இல்ல, அந்தப் பொம்பளையப் பத்தி.

பேரு மஹீன். ஈரான்ல யஸ்துன்னு பாலைவனத்துக்கு நடுவுல ஒரு ஊரு, அங்க இருந்து பத்தொம்பது வயசுல அமெரிக்காவுக்குப் படிக்க வந்தவங்க. அவங்க ஊர்ல ஒரு வழக்கம். வீட்டை விட்டு யாராவது பயணம் கிளம்பினா, அவங்க முதுகு தெரியுறப்பவே பின்னாடி ஒரு கிண்ணம் தண்ணிய ஊத்துவாங்க, போனவங்க நல்லபடியா வீடு திரும்பணும்னு. மஹீனோட அம்மா எஷ்ரத், பித்தளைக் கிண்ணத்துல தண்ணி எடுத்து, அதுல ரெண்டு பச்சை இலையப் போட்டு, பஸ்ஸுக்குப் பின்னாடி ஊத்தியிருக்காங்க. ரெண்டே வருஷத்துல வந்துருவேன்னு சொல்லிட்டு வந்த பொண்ணு, இங்க ஏர்போர்ட்ல இறங்கித் திரும்பிப் பார்த்தா, பளபளன்னு இருக்குற தரையில அந்தத் தண்ணி நிக்குது. துடைக்க வந்த ஆளு மூணு தடவை துடைச்சுப் பார்த்துட்டு, ஈரத் தரை, ஜாக்கிரதைன்னு எழுதின மஞ்சப் பலகைய அவங்க பின்னாடி நிறுத்திட்டுப் போயிட்டாராம். படிப்பு முடியுறதுக்குள்ள அங்க ஆட்சி மாறிச்சு, அப்புறம் சண்டை மூண்டுச்சு, சண்டை எட்டு வருஷம் நடந்துச்சு, ரெண்டு வருஷம்னு சொன்னது பத்தாச்சு, பத்து இருபதாச்சு.

நான் இசக்கியம்மா, தூத்துக்குடிக்காரி. எங்க வீட்டுக்காரர் கப்பல்ல சமையலுக்குப் போனவரு, லாஸ் ஏஞ்சல்ஸ்ல இறங்கி அப்படியே தங்கி, என்னையும் கூட்டிட்டு வந்து, காசு போட்டுத் துணி துவைக்கிற கடை ஒண்ணை என் தலையில கட்டிட்டு, ஏழாவது வருஷம் போய்ச் சேர்ந்துட்டாரு. தெரு பூரா ஈரான்காரங்க. ரொட்டிக்கடை அவங்களது, நகைக்கடை அவங்களது, பல் டாக்டர் அவங்க, கல்யாண மண்டபம் அவங்களது, நடுவுல நான் ஒருத்தி சோப்புத் தண்ணியோட. குடத்தைத் தூக்கிட்டு தண்ணி லாரிக்கு அடிச்சுக்கிட்ட ஊர்க்காரி இல்லையா நான், அதனால மஹீன் முத தடவை கடைக்குள்ள வந்தப்ப அவங்க முகத்தைப் பார்க்கல, காலுக்குப் பின்னாடிதான் பார்த்தேன்.

"உங்க தரையில வடிகால் இருக்கா?"ன்னு கேட்டாங்க.

"இருக்கு. ஏன்?"

"வீட்ல கார்ப்பெட். அழுகுது. வீட்டு ஓனர் கத்துறாரு. நான் இங்க உக்காந்து எழுதிக்கிறேனே, ஒரு ஓரமா."

ஏழாம் நம்பர் மிஷினுக்குப் பக்கத்துல, துணி மடிக்கிற மேசையோட ஒரு முனையில அன்னைக்கு உக்காந்தவங்கதான். அவங்களுக்கும் இங்கிலீஷ் சொந்தமில்ல, எனக்கும் சொந்தமில்ல, அதனால எங்க ரெண்டு பேருக்கும் நல்லா ஒத்துப்போச்சு. என்னை இசக்கி ஜான்னு கூப்பிடுவாங்க, ஜான்னா அவங்க பாஷையில உயிரு. நான் அவங்களை அக்காம்பேன். தண்ணி மேசைக்கடியில இருந்து வடிகாலுக்குப் போகும், மிஷின் கடகடன்னு ஓடும், அவங்க எழுதுவாங்க. நாலு புத்தகம் எங்க கடையிலதான் பொறந்துச்சு, அதை எந்தப் பத்திரிகையிலயும் போடல.

தெரு அந்தத் தண்ணிய எப்படி எடுத்துக்கிச்சுன்னு கேளுங்க. முத வருஷம் பயந்தாங்க. ரெண்டாவது வருஷம் பொறாமை. ஏன்னா அந்தத் தெருவுல இருந்த ஒவ்வொருத்தருக்கும் பின்னாடி யாராவது ஒருத்தர் தண்ணி ஊத்தித்தான் அனுப்பியிருந்தாங்க, அதெல்லாம் எங்கேயோ வழியிலேயே காஞ்சு போயிடுச்சு, இந்தப் பொண்ணுக்கு மட்டும் என்ன, எங்கம்மா ஊத்தினது தண்ணி இல்லையான்னு நகைக்கடைக்காரர் பெஞ்சாதி என் கடையில நின்னு மூக்கைச் சிந்தி அழுதுச்சு. தினம் காலையில குழாய்ல பிடிச்சு அவளே ஊத்திக்கிறான்னு கொஞ்ச நாள் பேச்சு. அப்புறம் பல் டாக்டர் ஒரு தடவை தெரியாம அதுல கால் வெச்சுட்டாரு, அடுத்த மாசமே ஊர் ஞாபகம் தாங்காம டிக்கெட் எடுத்துப் போனவரை அங்க பிடிச்சு உள்ள போட்டுட்டாங்க, அதுல இருந்து மஹீன் தெருவுல வந்தா அவங்க பின்னாடி யாரும் நடக்க மாட்டாங்க, பக்கத்துலதான் நடப்பாங்க. அதுக்கப்புறம் பழகிப் போச்சு. ரொட்டிக்கடை அர்தஷீர் தன்னோட மாதுளைத் தொட்டிய அவங்க தினம் போற வழியில நகர்த்தி வெச்சாரு, அந்த மாதுளை ஒண்ணுதான் எங்க தெருவுல காய்ச்சுச்சு. மழை இல்லாமப் போய், செடிக்குத் தண்ணி விடக் கூடாதுன்னு சட்டம் போட்ட வருஷம், மாநகராட்சியில இருந்து ஒரு ஆள் நோட்டீஸோட வந்து, தண்ணி எங்க இருந்து வருதுன்னு விசாரிச்சு, அவங்க சொன்னதைப் பூரா பொறுமையாக் கேட்டு, எங்க எல்லைக்கு உட்பட்ட தண்ணி இல்லன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போனாரு. நல்ல மனுஷன்.

அர்தஷீர் யாருன்னு சொல்லணும். கூழாங்கல் மேல மாவை விரிச்சுச் சுடுற ரொட்டி போடுறவரு, ஆறடி ஆளு, கையெல்லாம் மாவு. நான் அந்தத் தெருவுக்கு வந்த புதுசுல ரொட்டி வாங்கிட்டுக் காசை நீட்டினேன். "ஐயோ, வேண்டாம் கானும், உங்களுக்கு முன்னாடி இதெல்லாம் ஒரு பொருளா?"ன்னு நெஞ்சுல கை வெச்சுக் குனிஞ்சாரு. கானும்னா அவங்க பாஷையில அம்மணி. அடடா, எவ்வளவு நல்ல மனுஷன்னு தேங்க்யூ சொல்லிட்டு ரொட்டியோட வந்துட்டேன். ஒரு மாசம் தெரு பூரா என்னைப் பத்தித்தான் பேச்சு. அப்புறம் மஹீன்தான் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வர விளக்கிச் சொன்னாங்க.

"இசக்கி ஜான், அதுக்குப் பேரு தாரோஃப். எங்க ஆளுங்க முத தடவை வேண்டாம்னா அது மரியாதை. ரெண்டாவது தடவை வேண்டாம்னா அதுவும் மரியாதை. மூணாவது தடவை கேட்டா வர்ற பதில்தான் நிஜம். மூணு தடவை கேக்காம யாரையும் விட்டுறாத."

"எங்க ஊர்லயும் உண்டுக்கா"ன்னேன். "சம்பந்தி வீட்ல முத தடவையே காபிய வாங்கிக் குடிச்சா அலைஞ்சவன்னு பேரு கட்டிருவாங்க."

இதை மனசுல வெச்சுக்கோங்க. நான்தான் வெச்சுக்காம விட்டுட்டேன்.

அவங்க எழுத்துக்கு வர்றேன். முத புத்தகம் சிறுகதைங்க. யஸ்துல ஒரு பல் டாக்டர் தன்கிட்ட வர்ற பொம்பளை மேல ஆசைப்பட்டு அவ பல்லைப் பிடுங்காம பதினோரு மாசம் இழுத்தடிக்கிற கதை, ஒரு தையல் மிஷினுக்காக அக்கா தங்கச்சி அடிச்சுக்கிற கதை. எனக்கு வாசிச்சுக் காட்டுவாங்க, நான் துணி மடிக்கிறதை விட்டுட்டுக் கேப்பேன், அப்படியே நம்ம ஆளுங்க மாதிரி இருக்கும். பத்திரிகைக்காரங்க எழுதினாங்க, ஈரானைப் பார்க்க ஒரு ஜன்னல்னு. "நான் ஜன்னல் செய்யலயே, பல் டாக்டரைத்தானே செஞ்சேன்"னு அன்னைக்குப் பூரா புலம்பினாங்க. ரெண்டாவதா ஒரு நாவல், இதே லாஸ் ஏஞ்சல்ஸ்ல பழைய கார் விக்கிற ஒருத்தனைப் பத்தி, அதுல ஈரான்ங்கிற வார்த்தையே வராது. மூணு வருஷம் ஊரெல்லாம் சுத்தித் திரும்பி வந்துச்சு, எங்க அனுப்பினாலும் ஒரே பதில், நல்லாருக்கு, ஆனா உங்க ஊரைப் பத்தி எழுதலாமேன்னு. கடைசியில ஒரு சின்னக் கம்பெனி போட்டுச்சு, வாங்கினவங்களை எனக்குப் பேரு சொல்லித் தெரியும். புத்தகக் கடையில அவங்க வாசிக்கப் போனா கூட்டம் வரும், வந்த கூட்டம் முகத்தைப் பார்க்காது, எக்கி எக்கிக் காலைப் பார்க்கும், முடிஞ்சதும் ஒருத்தர் கை தூக்கி, அந்தத் தண்ணி குடிக்கலாமான்னு கேப்பாரு.

ஜூடித்னு ஒரு அம்மா அவங்களோட ஏஜெண்ட், புத்தகத்தைக் கம்பெனிக்கு வித்துக் கொடுக்கிற வேலை. கெட்டவங்க இல்ல. வர்றப்பெல்லாம் ஒரே பாட்டு.

"மஹீன், அந்தத் தண்ணிய எழுதுங்க. உங்க அம்மாவை எழுதுங்க. உலகமே வாசிக்கும்."

"தண்ணி எனக்குப் பின்னாடி வருது ஜூடித். நான் முன்னாடி பார்த்து எழுதுறவ."

அம்மாகிட்ட பேசுறது எங்க கடைப் போன்லதான். ஏன்னா அந்தம்மா குரல் கேட்டதும் தண்ணிக்கு வேகம் வந்துரும், வீட்ல பேசினா கீழ்வீட்டுக் கூரை ஒழுகும். இங்க காலை எட்டு மணின்னா அங்க சாயங்காலம். வருஷக்கணக்கா பக்கத்துல நின்னு கேட்டுக் கேட்டு எனக்கே ரெண்டு வார்த்தை பிடிபட்டுச்சு. பியாம்னா வரட்டுமா. பியான்னா வா. எப்பவும் அந்தம்மா ஒரே கதைதான் சொல்லும், முட்டி வலி, பிஸ்தா விலை, பக்கத்து வீட்டுக்காரி வாய். மஹீன் சிரிப்பாங்க, தண்ணி சலசலன்னு ஓடும்.

இருபத்தொண்ணாவது வருஷம் அங்க கொஞ்சம் இளகிச்சு. போறவங்க போகலாம், வர்றவங்க வரலாம்னு ஆச்சு, எங்க தெருவே பெட்டி கட்டுச்சு, டிக்கெட் போடுற கடையில வரிசை நின்னுச்சு, நகைக்கடைக்காரர் பெஞ்சாதி போய்ட்டு வந்து பதினாலு கிலோ பிஸ்தாவோட இறங்கிச்சு. மஹீன் ஒரு செவ்வாய்க்கிழமை புதுச் சட்டை போட்டுக்கிட்டு வந்து போனை எடுத்தாங்க. நான் வெள்ளைத் துணி, கலர் துணி பிரிச்சுக்கிட்டு இருந்தேன்.

"பியாம்?"னாங்க.

அந்தப் பக்கம் என்னமோ நீளமாச் சொல்லிச்சு.

மறுபடியும், "பியாம்?"

மறுபடியும் என்னமோ சொல்லிச்சு. மஹீன் சரி சரின்னு சொல்லிட்டு, முட்டி வலியெல்லாம் விசாரிச்சுட்டு, போனை வெச்சுட்டாங்க.

"என்னக்கா சொன்னாங்க?"

"வேண்டாமாம். உனக்கு எதுக்கும்மா சிரமம், அவ்வளவு தூரம்னாங்க. திரும்பக் கேட்டேன். வேண்டாம், உன் எழுத்து வேலை கெட்டுரும்னாங்க." புதுச் சட்டையோட நுனியப் பிடிச்சு மடிச்சு மடிச்சு விட்டுக்கிட்டு இருந்தாங்க. "அவங்களுக்கு நான் இல்லாமப் பழகிருச்சு இசக்கி ஜான்."

அந்த இடத்துல நான் என்ன செஞ்சிருக்கணும்? ரெண்டு தடவைதானேக்கா கேட்டீங்கன்னு சொல்லியிருக்கணும். என் காதால கேட்டேன், ரெண்டு பியாம், எண்ணத் தெரியாதவளா நான்? வாய்ல என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? பாவிமக, வெள்ளைத் துணிய மிஷினுக்குள்ள போட்டு மூடிய அமுக்கினேன்.

அவங்க அதை எழுதினாங்க. ஆத்தாமை. எதையும் முன்னாடி பார்த்து எழுதுறவங்க முத தடவை திரும்பிப் பார்த்து, தண்ணி, கிண்ணம், பச்சை இலை, போன், வேண்டாம்னு சொல்ற அம்மா, எல்லாத்தையும் ஒரு வருஷத்துல எழுதி முடிச்சாங்க. அதே புத்தகத்துல, சித்தப்பா மகன் ஒருத்தனை அங்க ஜெயில்ல வெச்சு என்ன பண்ணினாங்கன்னு ஒரு அத்தியாயம், பேரு ஊரு எல்லாம் போட்டு. ஜூடித் படிச்சுட்டு இங்க வந்து எங்க கடையிலேயே உக்காந்து அழுதாங்க. புத்தகம் பிச்சுக்கிட்டுப் போச்சு. பதினெட்டு பாஷையில வந்துச்சுன்னா பார்த்துக்கோங்க. மகளை வேண்டாம்னு சொன்ன கல் நெஞ்சுக்காரத் தாய்னு அந்தம்மாவைப் பத்தி எந்த எந்த ஊர்லயோ எழுதினாங்க. முட்டி வலின்னு சொல்லிட்டு யஸ்துல உக்காந்திருந்த ஒரு பொம்பளை, பாவம், அதுக்கு இது ஒண்ணும் தெரியாது.

அர்தஷீருக்கு இங்கிலீஷ் படிக்க ரொம்ப நேரம் பிடிக்கும். ரொட்டி அடுப்புப் பக்கத்துல வெச்சு, தினம் ரெண்டு பக்கமா எட்டு மாசம் படிச்சாரு. ஒரு நாள் காலையில கையெல்லாம் மாவோட, புத்தகத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு எங்க கடைக்குள்ள ஓடி வந்தாரு.

"மஹீன் கானும், இது கதையா, நடந்ததா?"

"எது?"

"இந்தப் போன். அம்மாகிட்ட நீங்க வரட்டுமான்னு கேட்டது."

"நடந்தது."

"எத்தனை தடவை கேட்டீங்க?"

மஹீன் பேனாவைக் கீழ வெச்சாங்க. "ரெண்டு."

அர்தஷீர் அந்தப் பெரிய கையால மடேர்னு தன் நெத்தியில அடிச்சுக்கிட்டாரு, முகம் பூரா மாவு. "ரெண்டு தடவை கேட்டுட்டுப் போனை வெச்சீங்களா! மூணாவது தடவை யாரு கேப்பா?"

"அது அம்மா, அர்தஷீர். அம்மா கூடவா தாரோஃப் பண்ணுவாங்க? பெத்த மககிட்டயா?"

"இருபத்தொரு வருஷம் வராத மக, மகளா? விருந்தாளி." சொல்லிட்டு அந்த ஆறடி ஆளு என் மிஷின் மேல சாஞ்சு அழுதாரு. அவரோட அம்மாவையும் அவரு அப்படித்தான் ஏதோ ஒரு வருஷம் விட்டிருப்பாரு போல, நான் கேக்கல.

மஹீன் போனை எடுத்தாங்க. எட்டு மணி கூட ஆகல. தண்ணி வடிகாலைத் தாண்டி மேசைக் கால் வரைக்கும் ஏறுது.

"பியாம்?"

நான் பக்கத்துலதான் நிக்கிறேன், எனக்கே கேட்டுச்சு.

"பியா"ன்னுச்சு அந்தக் குரல். "பியா, மஹீன் ஜான், பியா, பியா."

இவ்வளவுதான் கதைன்னா நான் சந்தோஷமா முடிச்சிருப்பேன். ஆனா இந்த எட்டு மாசத்துல அந்தப் புத்தகம் அங்கயும் போய்ச் சேர்ந்துருச்சு. ஜெயில் அத்தியாயத்தைப் படிக்க வேண்டியவங்க படிச்சுட்டாங்க. யஸ்துல இருந்த வக்கீல் ஒருத்தர் ஆள் மூலமாச் சொல்லி அனுப்பினாரு, வரச் சொல்லாதீங்க, ஏர்போர்ட்லேயே எடுத்துருவாங்க, உங்க தெரு பல் டாக்டருக்கு ஆனது தெரியும்லன்னு. அம்மாவை இங்க கூப்பிடலாம்னு பார்த்தா, அதுக்கு இந்த அமெரிக்காக்காரங்க விசா கொடுக்கல, நாலு தடவை கேட்டும் கொடுக்கல. இவங்ககிட்ட தாரோஃப் கிடையாது, எத்தனை தடவை கேட்டாலும் முத தடவை சொன்னதுதான்.

பதிமூணு வருஷம். பதிமூணு வருஷமும் வாராவாரம் போன். இப்ப அந்தம்மா முட்டி வலி பேசுறதில்ல, பிஸ்தா விலை பேசுறதில்ல, எடுத்ததும் பியா, வைக்கிறப்ப பியா. மஹீன் நாளைக்கும்மா, அடுத்த மாசம்மா, நவ்ரூஸுக்கும்மான்னு, அவங்க புது வருஷத்தைச் சொல்லிச் சொல்லித் தள்ளுவாங்க. தண்ணி இப்ப உள்ளங்கை அகலம் இல்ல, ரெண்டு முழம். இழுக்கவும் செஞ்சுச்சு. தெருவுல நடக்கிறப்ப ஒரு கையால சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடப்பாங்க, கொஞ்சம் அசந்தா பின்னாடி சறுக்கிட்டுப் போயிடுவாங்க. நாங்க ஆளுக்கொரு பக்கம் கை கொடுத்து ரோட்டைத் தாண்டி விடுவோம். அர்தஷீர் மாதுளைய இன்னொரு தொட்டிக்கு மாத்தினாரு. அது எங்க தெருவுக்குச் செழிப்பான காலம், சொல்றதுக்கே வெக்கமா இருக்கு.

நாலாவது புத்தகமும் தண்ணிதான். வேற எதைக் கொடுத்தாலும் இப்ப யாரும் வாங்க மாட்டேன்னுட்டாங்க. அதுக்கு ஒரு பெரிய பரிசு கிடைச்சுச்சு. இந்த ஊர்லயே, பெரிய மண்டபத்துல, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் விழா.

அன்னைக்குக் காலையில கடைய நான்தான் திறந்தேன். மஹீன் வந்து உக்காந்தாங்க. நான் பெருக்கிட்டு வந்தப்ப, பரவாயில்லையே, தரை நல்லாக் காஞ்சிருக்கேன்னுதான் முதல்ல தோணுச்சு. அப்புறம் துடைப்பம் கையில இருந்து விழுந்துருச்சு. அவங்க என் முகத்தைப் பார்த்துட்டு மெதுவாத் திரும்பிப் பார்த்தாங்க. சிமெண்டுத் தரை. வெள்ளையா, உப்புப் பூத்து, நம்ம ஊரு மொட்டை மாடி மாதிரி கிடந்துச்சு. போனை எடுத்து நம்பரைச் சுத்தினாங்க. ரொம்ப நேரம் அடிச்சுச்சு. யாரோ ஒரு ஆம்பிளைக் குரல் எடுத்துச்சு. மஹீன் ஒண்ணும் கேக்கல, அந்தக் குரலும் ஒண்ணும் சொல்லல, ரெண்டு பேரும் அப்படியே போனைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க.

நான் அவங்க தலையைப் பிடிச்சு என் வயித்தோட சேர்த்துக்கிட்டேன். சத்தம் போட்டு அழுதது நான்தான். அவங்க அழல. "மூணு தடவை இசக்கி ஜான், மூணே மூணு தடவை"ன்னு மட்டும் சொன்னாங்க.

விழாவுக்குப் போகாதீங்கக்கான்னு சொன்னேன். எங்கம்மா ஊத்தின தண்ணிக்குத்தானே கொடுக்கிறாங்க, போகணும்னுட்டாங்க. நானும் அர்தஷீரும் கூடப் போனோம். அங்க பார்த்தா, வாசல்ல இருந்து மேடை வரைக்கும் அந்தத் தண்ணி ஓடுறதுக்குன்னே நீலக் கண்ணாடியில வாய்க்கால் போட்டு, அடியில விளக்கு வெச்சு, ரெண்டு பக்கமும் கேமராக்காரங்களை நிறுத்தி வெச்சிருக்காங்க. மஹீன் கறுப்புச் சேலை மாதிரி நீளமா ஒரு உடுப்புல நடந்து வர்றாங்க, பின்னாடி ஒண்ணுமில்ல. ஜனம் எக்கிப் பார்க்குது, முணுமுணுக்குது. ஜூடித்துக்கு விஷயம் தெரியும், முகத்தை மூடிக்கிட்டாங்க. அப்ப விழா நடத்துற ஒரு பொண்ணு, நல்ல பிள்ளைதான், அவங்களுக்கு அவமானமாப் போயிடக் கூடாதுங்கிற நல்ல மனசுல, மேசையில இருந்த குடிதண்ணி பாட்டிலைத் திறந்து அவங்க குதிகாலுக்குப் பின்னாடி ஊத்துச்சு. மண்டபமே எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சு. மஹீன் மேடை ஏறி, அந்தப் புத்தகத்தைத் தொடவே இல்ல, முத புத்தகத்துல இருந்து பல் டாக்டர் கதைய ரெண்டு பக்கம் வாசிச்சாங்க. ஒருத்தரும் சிரிக்கல. வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள விளக்குச் சூட்டுல அந்த பாட்டில் தண்ணி காஞ்சு போச்சு.

அதுக்கப்புறம் தெருவுக்கு அவங்களை எப்படி வெச்சுக்கிறதுன்னு தெரியல. நகைக்கடைக்காரர் பெஞ்சாதிதான் ஆரம்பிச்சுச்சு. காலையில மஹீன் வாசல் தாண்டினதும் ஒரு கிண்ணம் தண்ணிய அவங்க பின்னாடி ஊத்துச்சு, மறு நாள் நாலு பேரு ஊத்தினாங்க, அதுக்கு மறு நாள் தெரு பூரா ஆளாளுக்குக் கிண்ணத்தோட நின்னு, முன்னாடி பொறாமைப்பட்ட அதே பொம்பளைங்க, இலையெல்லாம் போட்டு ஊத்தினாங்க. எங்க கடை வாசலுக்கு வர்றதுக்குள்ள எல்லாம் ஆவியாப் போயிடும். எனக்குத் தெரிஞ்சு அந்தத் தெரு ஒருத்தர் மேல இவ்வளவு பிரியம் வெச்சு நான் பார்த்ததில்ல, அது ஒண்ணுக்கும் உதவாமப் போனதையும் பார்த்தேன். மாதுளை ரெண்டு கோடை தாங்குச்சு, மூணாவது கோடையில அர்தஷீர் அதை வெட்டி அடுப்புல போட்டாரு.

மஹீன் அதே மேசையில வந்து உக்காருவாங்க, நோட்டைத் திறப்பாங்க, மூடிருவாங்க.

"எழுதலையாக்கா? இப்பத்தான் யாரும் தண்ணி கேக்க மாட்டாங்களே. அந்தக் கார் விக்கிறவன் மாதிரி யாரையாவது எழுதுங்களேன்."

"இத்தனை வருஷம் பின்னாடி ஒண்ணு வருதுங்கிற தைரியத்துலதான் முன்னாடி பார்த்தேன் போல" அப்படின்னாங்க. "இப்பத் திரும்பினா தரைதான் தெரியுது. முன்னாடியும் அதுதான்."

மூணு வருஷம் அப்படியே போச்சு. அவங்க அண்ணன் மகன் ஒருத்தன் மினசோட்டாவுல இருக்கான், வருஷத்துல பாதி பனி கொட்டுற ஊரு, தனியா இருக்க வேண்டாம் அத்தை, இங்க வந்துருங்கன்னு கூப்பிட்டான். போறேன்னுட்டாங்க. ஒரு பெட்டிதான். புத்தகம் ஒண்ணு கூட எடுத்துக்கல, பதினெட்டு பாஷையையும் என் கடை அலமாரியில சோப்புத்தூளுக்குப் பக்கத்துல விட்டுட்டாங்க. கிளம்புற அன்னைக்குக் காலையில தெருக்காரங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டு, யாரும் கிண்ணம் எடுக்கக் கூடாதுன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டு, கடைசியா எங்க கடைக்கு வந்தாங்க. வெளிய டாக்சி நிக்குது. நான் மிஷினுக்கு ஊத்துற பிளாஸ்டிக் செம்பு நிறைய தண்ணி பிடிச்சு, கறிவேப்பிலை ரெண்டு கிள்ளிப் போட்டு, தயாரா வெச்சிருந்தேன்.

"ஊத்தட்டுமாக்கா?"

"வேண்டாம் இசக்கி ஜான். உன் வாசல் வழுக்கும்."

நான் விடுவேனா? ஒரு தடவை விட்டதுக்கு இன்னைக்கு வரைக்கும் நெஞ்சு எரியுது.

"அக்கா, ஊத்தட்டுமா?"

"வேண்டாம். உனக்கு எதுக்குச் சிரமம்?"

சிரமம்ங்கிற அந்த வார்த்தையக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம். இது அதேதான், மரியாதைக்குச் சொல்றது, எனக்குத் தெரியும், எனக்கு எண்ணத் தெரியும். செம்பை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, அவங்க கண்ணைப் பார்த்து மூணாவது தடவை கேட்டேன்.

"ஊத்தட்டுமா?"

மஹீன் என் கன்னத்தைத் தொட்டாங்க. நான் எண்ணிக்கிட்டு இருந்தேன்னு அவங்களுக்கும் தெரியும்.

"வேண்டாம்"னாங்க.

டாக்சி தெருமுனை திரும்புற வரைக்கும் வாசல்லயே நின்னேன். அப்புறம் உள்ள வந்து, கறிவேப்பிலைய எடுத்து வெளிய போட்டுட்டு, செம்புத் தண்ணிய வடிகால்ல ஊத்தினேன். அது போயிடுச்சு.